அருணை நாட்டில் சமூக விஞ்ஞானிகள்

திருவண்ணாமலை என்றதும் அக்கினி ஸ்தலமும், கார்த்திகை தீபமும், ரமண மகரிஷியின் ஆசிரமமும், பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி நடக்கிற ஜனத்திரளும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் இந்த மலையைச் சூழ்ந்த பூமி, அதாவது நெடுங்காலம் வட ஆர்க்காடு என்னும் பெரிய ஜில்லாவின் பகுதியாக இருந்து 1989 செப்டம்பர் 30ஆம் தேதி தனி மாவட்டமாகப் பிரிந்த இந்தப் பிரதேசம், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பொருளாதாரத்துக்கும் மானிடவியலுக்கும் ஒரு பாடசாலையாக இருந்து வந்திருக்கிறது என்ற விஷயம், இவ்வூரிலேயே பிறந்து வளர்ந்து பட்டம் பெற்றவர்களில் பலருக்குங்கூடத் தெரியாது. சென்னையிலிருந்தும் கேம்பிரிட்ஜிலிருந்தும் பாரிஸிலிருந்தும் அறிஞர்கள் இங்கே வந்து, கணக்கெடுத்து, நூல் எழுதிப் புகழ் பெற்றிருக்கிறார்கள். அவர்கள் யாரை விசாரித்து எழுதினார்களோ அந்த ஜனங்களின் பேரப்பிள்ளைகள் இன்று சமூக விஞ்ஞானத்தை ஒரு ஜீவனமாகக் கொள்ளலாமா, கொண்டால் சோறு கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் இத்தொழிலின் சுபாவம் விளங்கும் என்பது என் அபிப்பிராயம்.

கதை கில்பர்ட் ஸ்லேட்டரிடமிருந்து தொடங்குகிறது. ஆக்ஸ்போர்டில் தொழிலாளருக்காக ஏற்பட்ட ரஸ்கின் கல்லூரியின் தலைவராக இருந்த அவர், 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். இங்கிலாந்தில் அச்சான பொருளாதார நூல்களை இந்திய மாணவர்கள் மனப்பாடம் செய்து பரீட்சை எழுதுவதில் பிரயோஜனம் ஏதும் இல்லை என்று கண்ட அவர் செய்த காரியம் எளிமையானது, ஆனால் அக்காலத்துக் கல்லூரி வழக்கத்துக்கு முற்றிலும் மாறானது: மாணவர்களின் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தங்களுக்குப் பழக்கமான கிராமத்தையே ஆராய்ந்து வரும்படி அனுப்பினார். நிலம் யாரிடம் இருக்கிறது, என்ன விளைகிறது, கூலி எவ்வளவு, கடன் யாரிடம், என்ன வட்டிக்கு என்றெல்லாம் அவர்கள் எழுதி வந்தவை 1918இல் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய ஒரு நூலாகப் பிரசுரமாயின. ராமநாதபுரத்து வடமலைபுரம், திருநெல்வேலிக் கங்கைகொண்டான், தஞ்சைப் பாலக்குறிச்சி, தென் ஆர்க்காட்டு இருவேல்பட்டு ஆகியவற்றோடு வட ஆர்க்காட்டுக்குப் பிரதிநிதியாக அதில் இடம்பெற்றது தூசி. காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாற்றைக் கடந்ததும் வருகிற ஊர். பக்கத்து மாமண்டூரில் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் இருக்கின்றன. இரண்டு ஊர்களின் பெயரையும் சேர்த்து வழங்குகிற பெரிய ஏரிதான் அந்தச் சுற்றுவட்டாரத்துக்குச் சோறு போடுவது. இன்றைய மாவட்ட எல்லைப்படி தூசி திருவண்ணாமலையைச் சேர்ந்தது.

சொந்த ஊரை ஆராய்வதில் ஒரு சௌகரியமும் உண்டு, ஓர் ஆபத்தும் உண்டு. ஏரிக்கரையில் எந்த மதகு யாருடைய வயலுக்குப் பாய்கிறது என்பதும், எந்தப் பத்திரம் உண்மை, எது பினாமி என்பதும் ஊர்ப்பிள்ளைக்குக் கேளாமலே தெரியும். ஆனால் 1916ஆம் வருஷத்தில் கல்லூரிக்குப் போன பிள்ளை எந்தத் தெருவிலிருந்து போயிருப்பான் என்று நினைத்துப் பார்த்தால், அவனுடைய கண்ணுக்கு எட்டாத தெருக்கள் எவை என்பதும் உடனே விளங்கிவிடும். நிலச்சுவான்தார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பண்ணையாளின் கூலியைக் குறிப்பவன், கொடுப்பவர் சொல்லும் தொகையைக் குறிப்பானேயன்றி வாங்குபவன் சொல்லும் தொகையையல்ல. இது அந்த மாணவர்களின் மீது சுமத்தும் குற்றமன்று. இத்தொழிலின் ஆதாரமான சிக்கல். நாற்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1961-62இல், தஞ்சை ஜில்லாவின் ஓர் அக்கிரகாரத்தில் தங்கி ஆராய்ந்த சமூகவியல் அறிஞர் ஆந்திரே பெத்தேய்க்கும் இதே சிக்கல் நேர்ந்தது. சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றையும் சேர்த்து 1965இல் அவர் எழுதிய நூல் இன்றும் மாணவர்களுக்குப் பாடம். பிராமணர் வீட்டில் தங்கிய காரணத்தால் சேரிக்குள் தாம் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். எந்த வீட்டில் முதலில் நுழைகிறோமோ அந்த வீட்டின் உலகமே ஆய்வின் உலகமாகிவிடும் என்பதை, அறிந்தோ அறியாமலோ, ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஸ்லேட்டரின் நூலுக்கு அழியாத பெருமை வந்தது அந்த நூலால் மட்டும் அன்று. பிறகு வந்தவர்கள் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனதால். 1936-37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. ராமகிருஷ்ணன் இருவரின் மேற்பார்வையில் அவ்வூர்கள் மறுபடியும் ஆராயப்பட்டு, 1940இல் நூல் வெளியாயிற்று. பொருளாதார மந்தம் விவசாயியை எவ்வளவு கீழே தள்ளியது என்பதை ஊகமாகச் சொல்லாமல், முன்னிருந்த கணக்கோடு ஒப்பிட்டுச் சொல்ல அவர்களால் முடிந்தது. 1961இல் ஆக்ஸ்போர்டின் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். எண்பதுகளில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தார் மீண்டும் போனார்கள், எஸ். குகனும் கே. பரதனும் செய்த தூசியின் மறு ஆய்வு 1984இல் வெளிவந்தது. ஒரே ஊர், ஏறக்குறைய எழுபது வருஷம், நான்கு தடவை. இந்தியாவில் இத்தகைய பாக்கியம் பெற்ற ஊர்கள் மிகச் சிலவே. முதல் ஆய்வு ஒரு படம். இரண்டாவது வந்த பிறகே அது சரித்திரம் ஆகிறது.

இந்த மனிதர்களின் வாழ்க்கையைக் கவனித்தால் வேறொன்றும் தெரியவருகிறது. குகன் ஐ.ஏ.எஸ். உத்தியோகத்தில் இருந்து தமிழ்நாட்டு நிதிச் செயலாளராகப் பணிபுரிந்தவர். அதற்குப் பிறகே முழுநேர ஆராய்ச்சியாளரானார். அவர் சேர்ந்த நிறுவனத்தை 1971இல் அடையாற்றில் நிறுவிய மால்கம் ஆதிசேஷய்யா, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக இருந்து பாரிஸிலிருந்து திரும்பி வந்து, தம் சொந்தச் சேமிப்பைக் கொண்டு அதைத் தொடங்கினார். ஆக, சமூக விஞ்ஞானி என்னும் பதவிக்கு ஒரே படிக்கட்டு இருந்ததில்லை. வேறு வேலையில் சம்பாதித்த அனுபவத்தையும், சில சமயம் பணத்தையுமே இதில் கொண்டுவந்து போட்டார்கள். டெல்லியில் 1969இல் சமூக விஞ்ஞான ஆராய்ச்சிக் கவுன்சில் ஏற்பட்ட பிறகே, அரசாங்கப் பொருளுதவியோடு இது ஒரு முறையான உத்தியோகமாகும் வழி திறந்தது.

இனி, நெல்லின் விஷயம். 1970களின் தொடக்கத்தில், பசுமைப் புரட்சி உண்மையில் நடந்ததா, நடந்தால் யாருக்கு நடந்தது என்று அறிய, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துப் புவியியல் அறிஞர் பி. எச். ஃபார்மரின் தலைமையில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணையோடு ஒரு பெரிய ஆய்வு வட ஆர்க்காட்டிலும் இலங்கையின் அம்பாந்தோட்டையிலும் நடந்தது. வற்றாத ஆறில்லாத ஜில்லா இது. ஏரியும் கிணறுமே கதி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்தையும் பின்தொடர்ந்து, விசாரணையாளர்கள் கிராமங்களிலேயே தங்கிக் கணக்கெடுத்தார்கள். அப்படித் தங்கிக் கணக்கெடுத்ததன் பயன் உடனே தெரிந்தது: உயர் விளைச்சல் ரகங்கள் பரவியிருப்பதாக அரசாங்கப் புள்ளிவிவரம் காட்டிய பரப்பைவிட, வயலில் உண்மையாக நட்டிருந்த பரப்பு மிகவும் குறைவாக இருந்தது. 1977இல் ஃபார்மர் வெளியிட்ட நூலின் தலைப்பில் பசுமைப் புரட்சி என்பதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி நிற்பது அலங்காரத்துக்காக அன்று.

அந்தக் குழுவில் வந்தவர்களில் மூவரைக் குறிப்பிடாமல் போக முடியாது. ராபர்ட் சேம்பர்ஸ் இங்கும் ஆப்பிரிக்காவிலும் பெற்ற அனுபவங்களைக் கொண்டு 1983இல் எழுதிய நூலில், தார் ரோட்டை ஒட்டிய ஊருக்கு, மழையில்லாத மாதத்தில், காரில் போய், ஊர்ப்பெரியவரிடம் பேசிவிட்டுத் திரும்புகிற நிபுணர்களைச் சுற்றுலாப் பயணிகளோடு சேர்த்து வைத்தார். ஆடி மாதத்துக் கூலிக்காரன் குடிசையில் என்ன இருக்கிறது என்பதைத் தை மாதத்தில் வந்து போகிறவர் அறியமாட்டார் என்பது நம் பாட்டிமார்க்குத் தெரிந்த செய்திதான். ஆயினும் அதைச் சர்வதேச நிபுணர்களின் காதில் ஏறும்படி சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். ஜான் ஹாரிஸ் ராந்தம் என்னும் கிராமத்தை மையமாக வைத்து, வட தமிழ்நாட்டு உழவையும் முதலாளித்துவத்தையும் பற்றி 1982இல் ஒரு நூல் தந்தார். மூன்றாமவர் பார்பரா ஹாரிஸ்-ஒயிட். அவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அவர் தேர்ந்துகொண்டது வயலையல்ல, சந்தையை. கிராமத்தையல்ல, ஆரணி என்னும் நடுத்தர நகரத்தை. பட்டுக்கும் அரிசிக்கும் பெயர்போன அந்த ஊரின் அரிசி ஆலைகளையும், நெல் வியாபாரிகளையும், மண்டிகளையும், வட்டிக்கடைகளையும் 1973 வாக்கில் கணக்கெடுத்தார். பிறகு எண்பதுகளில் வந்தார், தொண்ணூறுகளில் வந்தார், புதிய நூற்றாண்டிலும் மாணவர்களையும் சகாக்களையும் அழைத்து வந்தார். நாற்பது வருஷத்து மாற்றத்தைப் பற்றிய தொகுப்பு நூல் 2016இல் வெளியாயிற்று. ஃபார்மரின் குழு ஆராய்ந்த கிராமங்களுக்கும் இதே விதமான தொடர்ச்சி கிடைத்தது: 1982-84இல் பீட்டர் ஹேசலும் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்துச் சி. ராமசாமியும் மறு ஆய்வு செய்து, சிறு விவசாயிக்கும் கூலிக்காரனுக்கும் வருமானம் உயர்ந்தே இருக்கிறது என்று 1991இல் எழுதி, முன்னவர்களின் அவநம்பிக்கையைத் திருத்தினார்கள். தொண்ணூறுகளில் ஹாரிஸ்-ஒயிட்டும் எஸ். ஜனகராஜனும் மூன்றாம் முறை போய், கிணறு வற்றுவதைக் கண்டு அந்தத் திருத்தத்தையும் திருத்தினார்கள். ஒருமுறை மட்டும் போயிருந்தால் மூன்று அபிப்பிராயங்களில் எதுவும் சத்தியமென்று நின்றிருக்கும். சட்டத்தாலும் அரசாங்கத்தாலும் மட்டுமன்றிச் சாதியாலும் மதத்தாலும் ஆண்-பெண் பேதத்தாலுமே இந்தியச் சந்தை நடத்தப்படுகிறது என்ற ஹாரிஸ்-ஒயிட்டின் புகழ்பெற்ற வாதம், 2003இல் வெளிவந்த நூலில் இந்தியா முழுமைக்குமான சித்தாந்தமாக நிற்கிறது. அதன் வேர் ஆரணியின் அரிசி மண்டியில் இருக்கிறது.

இத்தகைய வேலை எப்படி நடக்கிறது என்பதை ஓர் உதாரணத்தால் பார்க்கலாம். வினாத்தாளில் ‘கிணறு உண்டா?’ என்று ஒரு கேள்வி. ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். இந்த மாவட்டத்து விவசாயி ஒருவர் அதற்கு விடை சொல்லத் தொடங்கினால் கட்டம் போதாது. கிணறு தாத்தா வெட்டியது. தகப்பனாரும் சித்தப்பாவும் ஆளுக்குப் பாதி. தகப்பனார் பாதியில் அண்ணன் தம்பி மூவர். ஆகவே தமக்கு ஆறில் ஒரு பங்கு. சித்தப்பா மகன் தம் பாதியில் ஒரு பகுதியைக் வேறொருவருக்கு நிலத்தோடு விற்றுவிட்டார். மோட்டார் இரண்டு, முறை வைத்து இறைப்பு, வாரத்தில் இத்தனை மணி நேரம் என்று வாய்மொழி ஏற்பாடு. தண்ணீர் கீழே போனபோது ஆழப்படுத்தக் காசு போட்டவருக்கே இனி முறை என்றாயிற்று. காசு போட முடியாதவருடைய பங்கு பத்திரத்தில் இருக்கிறது, கிணற்றில் இல்லை. அவர் தம்முடைய பங்காளியிடமே தண்ணீரை விலைக்கு வாங்குகிறார், சில இடங்களில் விளைச்சலில் ஒரு பாகத்தை அதற்காக அளக்கிறார். இந்த ஒரு குடும்பம் ‘உண்டு’ என்ற கட்டத்தில் விழுமா, ‘இல்லை’யில் விழுமா? பங்குக் கிணறுகளையும் தண்ணீர் வியாபாரத்தையும் பற்றி ஜனகராஜன் செய்த ஆராய்ச்சிக்கு மதிப்பு ஏற்பட்டது, கட்டத்தை நிரப்பாமல் கதையைக் கடைசி வரை கேட்டதால். அப்படிக் கேட்பதற்கு ஒரு முழுச் சாயங்காலம் ஆகும். ஒரு நாளைக்கு இத்தனை வீடு என்று கூலி பேசி அனுப்பப்படும் கணக்கெடுப்பாளருக்கு அந்தச் சாயங்காலம் கிடைப்பதில்லை.

கோயிலுக்கு வருவோம். புதுச்சேரியிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருவண்ணாமலை நகரத்தைப் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் ஒரு முழுமையாக எடுத்துக்கொண்டு ஐந்து தொகுதிகளில் எழுதினார்கள். கல்வெட்டுகளைப் பி. ஆர். சீனிவாசன் பதிப்பித்தார், கட்டடங்களைப் பிரான்சுவாஸ் லெர்னோவும் பியேர் பிஷாரும் அளந்தார்கள், கோயிலின் சமூக அமைப்பை மரி-லூயிஸ் ரெனிஷ் ஆராய்ந்தார், நகரத்தின் ஜனத்தொகையைக் கிறிஸ்டோஃப் கில்மோட்டோ கவனித்தார். 1989இல் தொடங்கி வெளிவந்த இத்தொகுதிகளின் கருத்து, கோயிலை ஒரு கட்டடமாகவோ பக்தியின் இருப்பிடமாகவோ மட்டும் பாராமல், ஊரை ஊராக நிறுத்துகிற ஓர் ஏற்பாடாகப் பார்ப்பது. தீபத் திருவிழாவில் கொப்பரையை 2,668 அடி உயரத்து மலைமேல் ஏற்றித் தீபம் ஏற்றும் உரிமை பர்வதராஜ குலத்தாருடையது. ஒவ்வொரு நாள் உற்சவத்துக்கும் கட்டளை யார், மண்டகப்படி யாருடையது, முதல் மரியாதை யாருக்கு என்ற வரிசையில், எழுதப்படாத ஒரு சமூக சாசனம் இருக்கிறது. அந்த வரிசையில் இடமே இல்லாதிருந்தவர்களைப் பற்றியும் அது பேசும். இதே மாவட்டத்தில், தண்டராம்பட்டு வட்டாரத்துத் தென்முடியனூரில், தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் முதன்முறையாகக் காலடி வைத்தது 2023 ஜனவரியில்தான், அதுவும் போலீஸ் பாதுகாப்போடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொகுதிகளில் பெரும்பகுதி பிரெஞ்சு மொழியில் இருக்கிறது. தேரடி வீதியில் பிறந்த பிள்ளை தன் வீதியைப் பற்றிய மிக விரிவான ஆராய்ச்சியைப் படிக்க வேண்டுமானால் முதலில் பிரெஞ்சு படிக்க வேண்டும். ஆரணியைப் பற்றி அறிய ஆங்கிலம் போதும். ஆனால் அந்நூல்களின் விலை ஆரணியில் ஒரு மாத வாடகைக்கு நிகராகலாம். வீடு வீடாக வினாத்தாளைச் சுமந்து போய், சாதிப்பேர் கேட்கும்போது எந்தக் குரலில் கேட்க வேண்டும், கடன் தொகையை எந்தக் கேள்விக்குப் பிறகு கேட்க வேண்டும் என்றெல்லாம் தெரிந்து வேலை செய்தவர்கள் தமிழ் இளைஞர்கள். அவர்களுடைய பெயர் பெரும்பாலும் முன்னுரையின் நன்றிப் பட்டியலோடு நின்றுவிட்டது. அவர்கள் இல்லாமல் இந்த நூல்களில் ஒன்றுகூட எழுதப்பட்டிராது.

இன்று திருவண்ணாமலையில் ஒரு மாணவி, 1966இல் தொடங்கிய அரசு கலைக்கல்லூரியில் பொருளாதாரமோ வரலாறோ படித்து, இத்தொழிலுக்கு வர விரும்பினால் அவளுக்கு முன்னுள்ள பாதை என்ன? முதுகலை, பிறகு யு.ஜி.சி.யின் நெட் பரீட்சை. அதில் உயர்ந்த இடம் பெற்றால் இளநிலை ஆராய்ச்சியாளருக்குரிய உதவித்தொகை. 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழிந்தால் 42,000. இது குறைந்த தொகையன்று. ஒரு குடும்பத்தையே தாங்கும். ஆனால் அந்த இடம் கிடைப்பவர் சிலரே. கிடைக்காதவர் கௌரவ விரிவுரையாளராகத் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்திக்கொண்டு, இரவில் ஆய்வேட்டை எழுதுகிறார். அல்லது தொண்டு நிறுவனம் ஒன்றிலோ, கையடக்கக் கணினியில் கணக்கெடுக்கும் கம்பெனி ஒன்றிலோ சேர்கிறார். அப்படிச் சேர்ந்தவருக்கு ஊர் ஊராகப் போகும் யோகம் உண்டு, ஒரே ஊருக்கு இரண்டாம் தடவை போகும் யோகம் அரிது. கேள்விகள் டெல்லியிலோ வாஷிங்டனிலோ எழுதப்பட்டு வருகின்றன. விடைகள் அதே வேகத்தில் திரும்பிப் போகின்றன. பேராசிரியர் பதவிக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளின் எண்ணிக்கையே அளவுகோலாகிவிட்ட காலத்தில், பத்து வருஷம் கழித்து மறுபடியும் அதே தெருவுக்குப் போகிறேன் என்று சொல்லும் ஆராய்ச்சியாளருக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் அவசரம் இல்லை. இந்த ஜில்லாவின் சரித்திரம் காட்டுவதோ, அப்படித் திரும்பிப் போனவர்களே நிலைத்தார்கள் என்பதைத்தான்.

தமிழிலேயே சிந்தித்து இத்தொழிலைச் செய்தவர்கள் பெரும்பாலும் சமூக விஞ்ஞானத் துறைகளுக்கு வெளியே இருந்தார்கள் என்பதும் யோசிக்கத்தக்கது. நா. வானமாமலை பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்திப் பிழைத்துக்கொண்டே நெல்லை ஆய்வுக் குழுவையும் ‘ஆராய்ச்சி’ இதழையும் நடத்தினார். தூத்துக்குடியில் ஆ. சிவசுப்பிரமணியன் தமிழ்ப் பேராசிரியர். தொ. பரமசிவனும் தமிழ்ப் பேராசிரியரே. கள்ளரும் இடையரும் பள்ளர் பறையரும் அழகர்கோயிலோடு எவ்வகையில் பிணைந்திருக்கிறார்கள் என்று அவர் எழுதிய ஆய்வேடு 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தால் நூலாக வெளியிடப்பட்டது. ரெனிஷின் தொகுதி பாரிஸில் வெளிவந்த அதே ஆண்டு. ஒருவர் நூலை மற்றவருடைய ஊர் ஜனங்கள் படித்திருக்க முடியாது. அண்ணாமலையார் கோயிலைப் பற்றி அழகர்கோயில் நூலைப் போன்ற ஒன்றை இவ்வூர்ப் பிள்ளை ஒருவர் தமிழில் எழுத வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குப் பிரெஞ்சுக்காரர்கள் அளந்து வைத்த அளவுகள் கைமுதலாக உதவும்.

தூசிக்கும் ஆள் தேவை. அவ்வூர் உள்ள வெம்பாக்கம் வட்டத்தில் இப்போது செய்யாறு சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அங்கே வெளிநாட்டுக் காலணிகளைத் தைக்கும் ஆலைகளுக்கு, விடியற்காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்கள் பெரும்பாலும் இளம் பெண்கள். அதே தொழிற்பேட்டையின் விரிவாக்கத்துக்கு நிலம் எடுப்பதை எதிர்த்து மேல்மா பக்கத்து விவசாயிகள் போராடியபோது, 2023இல் அவர்களில் சிலர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. நிலம், கூலி, கடன் என்று ஸ்லேட்டரின் மாணவன் கேட்ட கேள்விகள் எல்லாம் இன்னும் கேட்கத் தக்கவையே. ஆனால் கூலியைக் கேட்க இனி வயல் வரப்புக்குப் போனால் போதாது, ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பெண்களின் வீட்டுக்குப் போக வேண்டும். சம்பளம் யார் கையில் சேர்கிறது, நகைக் கடன் யார் பேரில் இருக்கிறது, நெற்பயிருக்குக் களை எடுக்க இப்போது யார் வருகிறார்கள், காலனித் தெருப் பெண்ணும் ஊர்த் தெருப் பெண்ணும் ஆலையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து தைத்துவிட்டு ஊருக்குள் இறங்கியபின் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பவற்றை, அவர்களிடம் கூச்சமில்லாமல் கேட்கக்கூடியவள் அந்தப் பஸ்ஸில் சித்தி மகளையோ பள்ளித் தோழியையோ உடைய ஒருத்திதான். நான்கு முறை எடுத்த கணக்குகள் அச்சில் இருக்கின்றன. அடையாற்று ஆராய்ச்சி நிறுவனத்தின் நூலகத்துக்குப் போனால் எடுத்துப் படிக்கலாம்.